கிராஸ்ஓவர்: ‘குறுக்கு’ எங்கிருந்து வந்தது?

‘குறுக்கு அதிர்வெண்ணை 80-இல் வையுங்கள்.’ ஹோம் தியேட்டர் பற்றித் தமிழில் பேசும் காணொளிகளில் இதைக் கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது. இப்போது காரைக்குடியில் ஸ்பீக்கர் மாட்டித் தரும் பையன்களும் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். நேற்றுவரை கிராஸ்ஓவர் என்றே சொல்லிக்கொண்டிருந்தவர்கள். அப்படியே சொல்லியிருந்தால் இதை எழுத வேண்டியிருந்திருக்காது.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. படத்தின் ஒலியில் இடி, வெடி, டிரம் போன்ற கனத்த சத்தங்களைச் சின்ன ஸ்பீக்கர்களால் சரியாக எழுப்ப முடியாது. அந்த வேலையை, அதற்கென்றே உள்ள தனி ஸ்பீக்கரான சப்வூஃபர் எடுத்துக்கொள்கிறது. எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே சப்வூஃபர், எதற்கு மேலே மற்ற ஸ்பீக்கர்கள் என்று, எல்லா ஸ்பீக்கர்களுக்கும் ஒலியை அனுப்பும் பெட்டியான ரிசீவரில் ஓர் இடம் குறிக்கிறோம். அந்த இடம்தான் கிராஸ்ஓவர். திரையரங்க ஒலிக்குத் தரம் வகுக்கும் டிஎச்எக்ஸ் நிறுவனத்தின் தரத்தில் அது 80 ஹெர்ட்ஸ். ஏறக்குறைய அந்த அளவுக்குக் கீழே ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காது கண்டுபிடிக்கத் திணறும். அதனால் சப்வூஃபர் மூலையில் கிடந்தாலும் கனத்த சத்தம் திரையிலிருந்து வருவது போலவே இருக்கும்.

அதிர்வெண் என்ற சொல்லில் எனக்கு வழக்கு இல்லை. பள்ளிப் பாடநூலில் இருக்கிறது, பழகிவிட்டது. இலங்கைத் தமிழர் மீடிறன் என்பார்கள், அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது. வழக்கு முன்னால் ஒட்டிய ‘குறுக்கு’மேல்தான்.

ஆங்கிலத்தில் கிராஸ் என்றால் கடப்பது, ஓவர் என்றால் அந்தப் பக்கம். ஒலிப் பொறியியலில் இந்தப் பெயர் வந்தது வரைபடத்திலிருந்து. சப்வூஃபரின் கோடு வலப்பக்கம் சரிகிறது, ஸ்பீக்கரின் கோடு இடப்பக்கம் சரிகிறது, இரண்டும் ஒன்றையொன்று கடக்கும் புள்ளிக்கு அந்தப் பெயர். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒலியை இப்படிப் பிரித்தனுப்பும் சுற்றமைப்பைப் பழைய அமெரிக்கப் பொறியாளர்கள் ‘பிரிக்கும் வலை’ என்ற பொருளிலேயே அழைத்தார்கள். கிராஸ்ஓவர் என்பது பிறகு அதை ஓரங்கட்டிய சொல்.

இனி ‘குறுக்கு’. தமிழில் அது எங்கெல்லாம் வருகிறது என்று பாருங்கள். குறுக்கே நிற்காதே, குறுக்கே பேசாதே, குறுக்கு வழி, குறுக்குப் புத்தி, குறுக்கு விசாரணை. ஒன்று தடை, அல்லது நேர்மை தவறியது, அல்லது நெடுக்குக்கு எதிரானது. ஒரு வேலையை ஒருவர் இன்னொருவரிடம் ஒப்படைக்கும் பொருள் எதிலாவது இருக்கிறதா? எங்கள் பக்கம் குறுக்கு என்றால் இடுப்பும்தான். ‘குறுக்கு பிடிச்சுக்கிச்சு’ என்று ஆச்சிமார் தைலம் தேடுவார்கள். அவர்களிடம் போய்க் குறுக்கு அதிர்வெண் என்றால், சப்வூஃபர் அதிர்ச்சியில் இடுப்பு போன கதை என்று நினைக்கத்தான் செய்வார்கள்.

இந்தச் சொல்லைத் தந்தவர் யோசித்துத் தந்ததாகவே தெரியவில்லை. உயிரியல் பாடத்தில் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்வதற்குக் குறுக்கேற்றம் என்ற சொல் இருக்கிறது. அங்கே பொருந்துகிறது. கிராஸ் என்று கண்ணில் பட்டதும் குறுக்கு என்று கை எழுதிவிடும் பழக்கம் அங்கிருந்து பரவியிருக்கலாம். ஒரு பயனர் கையேட்டில் ‘குறுக்குவெட்டு அதிர்வெண்’ என்றே பார்த்தேன். குறுக்குவெட்டு என்றால் ஒரு பொருளை அறுத்து உள்ளே காட்டுவது. சத்தத்தை எப்படி அறுப்பது? அதே கையேடு சப்வூஃபரைத் ‘துணை ஒலிபெருக்கி’ என்கிறது. சப் ரிஜிஸ்டிராரைச் சார்பதிவாளர் என்கிறோமே, அந்தக் கணக்கு. இந்தச் சப்புக்குக் கீழே என்று பொருள், உதவிக்கு வந்தவர் என்று பொருள் இல்லை. நாய் குரைக்கும் ஓசையிலிருந்து வூஃபர், அதற்கும் கீழே இறங்குவது சப்வூஃபர். ஸ்பீக்கர் ‘சிறியதா பெரியதா’ என்று ரிசீவர் கேட்கும் இடத்தை அப்படியே மொழிபெயர்த்து வைத்ததால், லட்ச ரூபாய் கொடுத்து ஆளுயர ஸ்பீக்கர் வாங்கியவர் அதைச் சிறியது என்று சொல்ல மனம் வராமல் பெரியது என்று வைத்துவிடுகிறார். கனத்த ஒலியைச் சப்வூஃபருக்கு அனுப்பலாமா என்பதுதான் அங்கே கேள்வி. அளவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

குறுக்கைவிட வலுவான போட்டியாளர் ‘வெட்டு அதிர்வெண்’. இதற்கு நியாயம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். கணக்கில் இரு கோடுகள் வெட்டிக்கொள்ளும் புள்ளி என்றுதானே படித்தோம்? வரைபடத்தை வைத்துப் பார்த்தால் வெட்டுப்புள்ளி சுத்தமான தமிழ். ஆனால் ரிமோட்டைக் கையில் வைத்திருப்பவர் வரைபடத்தையா பார்க்கிறார்? அவர் காதில் வெட்டு என்றால் துண்டித்து எறிவது. 80-இல் வெட்டு என்றதும், அதற்குக் கீழே உள்ள சத்தம் போய்விடும் என்று பயந்து 40-க்கு இறக்குகிறார். அவருடைய சின்ன ஸ்பீக்கருக்கு 70-க்குக் கீழே மூச்சு கிடையாது. 40-க்கும் 70-க்கும் இடையே பள்ளம் விழுகிறது. அப்புறம் படம் வறண்டு கேட்கிறது என்று கடைக்காரரிடம் சண்டை. ஸ்பீக்கர் எதுவரை தாராளமாக இறங்குமோ அதற்குப் பத்து இருபது ஹெர்ட்ஸ் மேலே வைக்க வேண்டும் என்பது பொதுவான வழக்கம். அவர் 80-இலோ 90-இலோ வைத்திருந்தால் எதுவுமே போயிருக்காது.

வெட்டு தவறு என்பதற்கு இன்னொரு காரணம், அங்கே எதுவும் வெட்டுப்படுவதில்லை, சரிகிறது. சப்வூஃபர் பக்கம் வழக்கமாக ஆக்டேவுக்கு, அதாவது அதிர்வெண் இருமடங்காகும் ஒவ்வொரு முறையும், 24 டெசிபல் சரிவு. 80-இல் வைத்தால் 160 ஹெர்ட்ஸ் போகும்போதுதான் நன்றாக மங்குகிறது. 100-இல் சப்வூஃபர் இன்னும் பேசிக்கொண்டிருக்கும். 1976-இல் ஒலிப் பொறியாளர் சீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸ் எழுதிய ஆய்வுக் கட்டுரையிலிருந்து பிரபலமான லிங்க்விட்ஸ்-ரைலி முறையில், அந்தப் புள்ளியில் இரண்டு பக்கமும் 6 டெசிபல் குறைந்திருக்கும். ஒலியழுத்தம் ஆளுக்குப் பாதி, சேர்ந்தால் முழுசு. பாதிப் பாதியாகப் பொறுப்பேற்றுக்கொள்வதற்கு வெட்டு என்று பெயரா?

நண்பர் ஒருவர் ‘கைமாற்று அதிர்வெண்’ என்றார். பொருள் கச்சிதம். ஆனால் பர்மா, மலேயா வரை போய் வட்டிக்கடை வைத்தவர்களின் சீமையில் கைமாற்று என்றால் வட்டியில்லாமல் வாங்கிய பணம். 80 ஹெர்ட்ஸ் கைமாற்று என்றால் எப்போது திருப்பித் தருவாய் என்று கேட்பார்கள். ‘கடவு அதிர்வெண்’ என்றார் இன்னொருவர். கடவுச்சொல், கடவுச்சீட்டு என்று அந்தச் சொல் ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது.

என் சொல் பிரிப்பு அதிர்வெண். சுருக்கமாகப் பிரிப்பு. பழைய பொறியாளர்கள் வைத்த பெயருக்கும் இது நெருக்கம். பிரிப்பு என்றால் பாகப்பிரிவினை, கோர்ட்டு கேஸ் என்று நினைக்க வேண்டாம். செட்டிநாட்டில் கல்யாணமான மகனை வேறு வைப்பது உண்டு. ஒரே வீடு, ஒரே வளவு, அடுப்பு மட்டும் தனி. சண்டை கிடையாது, இன்னார் பொறுப்பு இன்னது என்பது தெளிவாகிவிடும். ரிசீவர் செய்வதும் அதே ஏற்பாடுதான்.

வெட்டை ஒரேயடியாகத் தூக்கிப் போடவும் சொல்லவில்லை. அதற்கு உரிய இடம் ஒன்று இருக்கிறது: சப்வூஃபரின் முதுகில் இருக்கும் குமிழ். அது யாரிடமும் எதையும் ஒப்படைப்பதில்லை, குறித்த அளவுக்கு மேலே உள்ளதைத் தன்னளவில் தடுக்கிறது, அவ்வளவுதான். இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பதால்தான் ரிசீவரிலும் 80, குமிழிலும் 80 என்று வைத்து, ஒரே ஒலியை இரண்டு தடவை சரித்துவிடுகிறார்கள். பெயர் வேறாக இருந்தால், ரிசீவரில் பிரிப்பை வைத்துவிட்டு வெட்டுக் குமிழை உச்ச அளவுக்குத் திருப்பிவிட வேண்டும் என்பதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம்.

பழைய வீட்டின் பெரிய அறையைத் தியேட்டராக்க நினைப்பவர்களுக்கு ஒன்று. ஆத்தங்குடிக் கல் தரை, சுண்ணாம்புச் சுவர், நீளமான அறை. 80 ஹெர்ட்ஸ் அலையின் நீளமே பதினாலு அடி. இருபதடி நீள அறை 28 ஹெர்ட்ஸ் அருகே தானாகக் குமுறும். பிரிப்பை எங்கே வைத்தாலும் அந்தக் குமுறல் போகாது, ஏனென்றால் அது பிரிப்புக்கு வெகு கீழே, சப்வூஃபரின் சொந்த எல்லைக்குள் நடப்பது. சப்வூஃபரைத்தான் இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்க வேண்டும். வசனம் மூலையிலிருந்து வருகிறது என்றால் மட்டும் பிரிப்பில் கை வையுங்கள். பெரும்பாலும் 150-க்கோ 200-க்கோ ஏறியிருக்கும். 80-க்கு இறக்கினால் ஆண் குரல் திரைக்குத் திரும்பிவிடும். ஸ்பீக்கர் மிகச் சின்னது என்றால் 100, 120 வரை பொறுத்துக்கொள்ளலாம்.

ரிசீவரையும் ஸ்பீக்கரையும் மட்டும் ஏன் விட்டுவைத்தாய் என்று தூய தமிழ் அன்பர்கள் கேட்பார்கள். அவை யாரையும் தவறான குமிழைத் திருக வைக்கவில்லை.