நல்லா ஓடற எஞ்சின எதுக்குங்க கழட்டறீங்க?

போன மாசம் பீளமேடு ஏர்போர்ட்ல இருந்து எங்க மாமா ஃபோன் போட்டு ஒரே சத்தம். "ஏங்கண்ணு, நேத்து வரைக்கும் நல்லா பறந்த பிளேனுதான, இன்னைக்கு டெக்னிக்கல் ரீசன்னு உக்கார வெச்சுட்டாங்க"ங்கறாரு. அவரு பல்லடத்துல தறி ஓட்டறவரு, காயில் கருகற நாத்தம் வந்தாத்தான் மோட்டார ரீவைண்டிங்குக்கே கழட்டுவாரு, அப்படித்தான் கேப்பாரு.

நான் ஒரு எஞ்சின் ஓவர்ஹால் ஷாப்புல கிராக் பாக்கற வேலைல இருந்தவன், இப்ப கணபதி பக்கம் ஃபவுண்டரிகளுக்கு அதே வேலதான் பாத்துட்டு இருக்கறனுங்க.

ஜெட் எஞ்சினுக்குள்ள பிளேடுகளப் புடிச்சுக்கிட்டு சுத்தற சக்கரம், அதான் டிஸ்க், அதுக்கு வயசு சைக்கிள் கணக்குங்க, ஒருக்கா ஏறி இறங்குனா ஒரு சைக்கிள். கணக்கு முடிஞ்சா பார்ட் பளபளன்னு இருந்தாலும் ஸ்கிராப்தான். பிளேடு ஒண்ணு பிச்சுட்டா எஞ்சினச் சுத்தி இருக்கற கூடு, அதான் கேசிங், அது தடுத்து நிறுத்தணும்னு டெஸ்ட் பண்ணித்தான் எஞ்சினுக்கு சர்டிஃபிகேட்டே தர்றாங்க, ஆனா டிஸ்க் ஒடஞ்சா எந்த கேசிங்கும் தாங்காது.

கணக்கு முடியலைன்னா நிம்மதியா இருக்கலாமான்னா அதுவும் இல்லீங்க. 1989 ஜூலை 19, அமெரிக்காவுல யுனைடெட் 232, டிசி-10 விமானம். வால் எஞ்சினோட ஃபேன் டிஸ்க் பறக்கறப்பவே ஒடஞ்சு, பிளேன திருப்பி ஓட்டறதுக்கு இருக்கற ஹைட்ராலிக் மூணும் போயி, சூ சிட்டில இறங்குறப்ப 296 பேர்ல 112 பேர் போயிட்டாங்க. அந்த டிஸ்க்கோட லிமிட் 18,000 சைக்கிள், ஓடுனது 15,503 தான். டைட்டானியத்த உருக்கறப்பவே உள்ள மாட்டுன குறை, இன்க்ளூஷன்னா நம்ம ஃபவுண்டரிக்காரங்களுக்கு சொல்லவே வேண்டாம்.

எனக்கு இன்னமும் உறுத்தறது வேற. நாங்க பார்ட்ட கழுவி, ஒளிர்ற பெனட்ரன்ட் எண்ணெய பூசி, கிராக்குக்குள்ள இறங்கற வரைக்கும் விட்டு, மேல இருக்கறத எடுத்துட்டு, டெவலப்பர் பவுடர் தூவி, இருட்டு ரூம்ல யூவி லைட் அடிச்சுப் பாப்போம். கிராக் இருந்தா முடி கணக்கா ஒரு பச்சக்கோடு மின்னும். விசாரணைல பாத்தா அந்த டிஸ்க்கோட கிராக்குக்குள்ள பழைய செக்கிங்ல பூசுன பெனட்ரன்ட்டோட மிச்சமே இருந்துச்சுங்க, எண்ணெய் உள்ள போயிருக்கு, பாத்தவங்க கண்ணுல படல, அவ்ளோதான்.

இந்த மாதிரி ஒண்ணு தெரிஞ்சா அரசாங்கம் இத சரி பண்ணாம பறக்கக்கூடாதுன்னு ஏர்வொர்த்தினஸ் டைரக்டிவ்ங்கற உத்தரவு போட்ரும், அது கம்பெனி விருப்பம் இல்ல, கட்டாயம். நம்ம ஊர்லயே 2019ல இண்டிகோவோட ஏ320 நியோ எஞ்சின்கள 2020 ஜனவரி 31க்குள்ள மாத்துங்கன்னு விமானங்களக் கண்காணிக்கற அரசு அமைப்பு டிஜிசிஏ கெடு வெச்சுது, பொறவு அத நீட்டிக் குடுத்தாங்க, அதுல எனக்கு அவ்வளவா இஷ்டமில்ல.

மாமாகிட்ட இத்தனையும் சொன்னேன். "செரி, எத்தன மணிக்கு கெளம்பும்?"னாரு.

இப்ப என்கிட்ட வேல கத்துக்கற பசங்க ஃபோன வெளியவே வெச்சுட்டுத்தான் யூவி ரூமுக்குள்ள வரணும், வெளிச்சத்துல கருக்கற கண்ணாடி போட்டா உள்ளயே விடமாட்டேன். கண்ணு இருட்டுக்குப் பழக ஒரு நிமிசமாவது சும்மா உக்காரணும். அந்த ஒரு நிமிசத்துக்குத்தான் சூப்பர்வைசர் வெளிய நின்னு கதவத் தட்டுவாரு, தட்டட்டும்னு விட்ருவேன்.