மியூட்டேஷன்: விகாரமா, திரிபா?

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் இருக்கும் அக்கா ஒருவர், மகனுடைய பரிசோதனை ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து காட்டினார். அக்யூட் மைலாய்ட் லுக்கேமியா, ஒருவகை இரத்தப் புற்றுநோய். ரிப்போர்ட் முழுக்க ஆங்கிலம். அதில் ‘மியூட்டேஷன்’ என்று இருந்ததை, உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் இளைய மகள் பாடப்புத்தகத் தமிழில் சொல்லியிருக்கிறாள்: பரம்பரையலகில் விகாரம். “எங்கட பரம்பரையில அப்படி ஒரு விகாரமும் இல்லையே தம்பி, என்னால வந்ததோ?” என்று கேட்டார் அக்கா.

மகள் சொன்னதில் பிழை இல்லை. நம் இலங்கைப் பாடநூல்களில் ஜீன் என்றால் பரம்பரையலகு, மியூட்டேஷன் என்றால் விகாரம். ஆனால் வீட்டுப் பேச்சில் விகாரம் என்றால் அவலட்சணம். பரம்பரை என்றால் அப்பன் பாட்டன் வழி. இரண்டும் சேர்ந்து ஒரு தாயின் மேல் பழியாக இறங்கிவிட்டன. கடும் லுக்கேமியாவில் காணும் மாற்றங்களில் பெரும்பாலானவை பெற்றோரிடமிருந்து வருவதில்லை. எலும்புக்குள் இரத்தம் உருவாகும் என்பு மச்சையில் கலங்கள் (செல்கள்) பிரிந்து பெருகும்போது, வாழ்நாளின் நடுவில் நேர்ந்துவிடும் பிழைகள் அவை. வழிவழியாக வருவது மிகச் சில குடும்பங்களில்தான்.

‘மியூட்டேஷன்’ லத்தீனிலிருந்து வந்த சொல்; மூல வினைக்கு ‘மாறு’ என்றுதான் பொருள். 1901இல் டச்சுத் தாவரவியலாளர் ஹியூகோ டி விரீஸ் தன் கொள்கைக்கு அதைப் பெயராக வைத்தபின் உயிரியலில் நிலைத்தது. ‘விகாரம்’ வடசொல், அதற்கும் மாறுதல் என்பதே முதற்பொருள். தமிழ் இலக்கணம் அந்தப் பொருளை அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறது. சொற்கள் புணரும்போது வரும் விகாரம் மூன்று என்கிறது நன்னூல்: தோன்றல், திரிதல், கெடுதல். வாழைப்பழத்தில் ‘ப்’ தோன்றியது, பொற்குடத்தில் ‘ன்’ ‘ற்’ ஆகத் திரிந்தது, மரவேரில் ‘ம்’ கெட்டது.

லுக்கேமியாக் கலத்தின் ஜீன்களில் உள்ள டி.என்.ஏ. எழுத்துகளிலும் இதே மூன்றும் நடக்கின்றன. வைத்தியர்கள் ‘ஃப்ளிட் 3’ என்று சொல்லும் எஃப்.எல்.டி.3 ஜீனில், ஒரு துண்டு இரண்டாம் முறையும் எழுதப்பட்டு அடுத்தே வந்து நிற்கும். அது தோன்றல். அதனால் ‘பெருகு’ என்ற கட்டளை நிற்காமல் ஓடிக்கொண்டேயிருக்கும். மைலாய்ட் வகை நோயாளிகளில் ஏறத்தாழ 10 பேரில் 3 பேருக்கு இந்த ஜீனில் ஏதோவொரு மாற்றம் உண்டு. ஐ.டி.எச்.1 என்ற ஜீனில் ஓர் எழுத்து மட்டும் திரியும். அப்போது கலம் முதிராமல் நின்றுவிடும். கடும் லுக்கேமியாவின் இன்னொரு வகையான லிம்போபிளாஸ்டிக் வகையில் ஐ.கே.இசட்.எஃப்.1 ஜீன் பகுதியாகவோ முழுதாகவோ கெடும். அப்புறம், 9ஆம் 22ஆம் நிறமூர்த்தங்கள் (குரோமோசோம்கள்) துண்டு மாற்றிக்கொள்ள, பி.சி.ஆர்., ஏபிஎல் என்ற இரண்டு ஜீன்கள் ஒட்டி ஒன்றாகும். அதைப் புணர்ச்சி என்றே சொல்லிவிடலாம்.

எது மாறியது என்று தெரிந்தால் மருந்து அதையே குறிவைக்கலாம். எஃப்.எல்.டி.3க்கு மிடோஸ்டாரின் 2017இலும் கில்டெரிடினிப் 2018இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. ஐ.டி.எச்.1க்கு ஐவோசிடெனிப், 2018. ஒட்டிய ஜீனுக்கு இமாட்டினிப் வகை மாத்திரைகள். எல்லா மாற்றத்துக்கும் மருந்து வந்துவிடவில்லை, ஐ.கே.இசட்.எஃப்.1 கெட்டதற்கு நேரான மருந்து இல்லை.

சரி, தமிழில் எதைச் சொல்வது? தமிழ்நாட்டுப் பாடநூலின் ‘சடுதிமாற்றம்’ எனக்கு உவப்பில்லை. எது மாறியது என்பதை விட்டு வேகத்தைச் சொல்கிறது. ‘மரபணு மாற்றம்’ என்றால் மரபணு மாற்றிய கத்தரிக்காயும் பருத்தியும் நினைவுக்கு வருகின்றன. வகுப்பறையில் விகாரம் இருக்கட்டும், அது நல்ல சொல். கட்டிலோரத்தில் ‘திரிபு’ போதும். டெல்டா திரிபு, ஒமிக்ரோன் திரிபு என்று கொரோனா காலத்தில் எல்லோர் வாயிலும் புழங்கிய சொல்தானே. பால் திரிந்தது என்கிறோம். அதில் மாட்டின் மேல் பழி இல்லை. முன்னால் ‘இடையில் வந்த’ என்று சேர்த்தால் பரம்பரைப் பயமும் போகும்.

அக்காவிடம் அப்படித்தான் சொன்னேன்: மகனின் கலத்தில் இடையில் வந்த திரிபு, உங்களிடமிருந்து வந்ததாக இந்த ரிப்போர்ட்டில் எதுவும் இல்லை. பிறகு அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் எந்த ஜீனின் பெயர் இருக்கிறது என்று இருவரும் விரல் வைத்துத் தேடினோம். எஃப்.எல்.டி.3 என்று இருந்தது. அதைத் தமிழில் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தேன், அடுத்த கிளினிக்கில் வைத்தியரிடம் இதற்கு உரிய மாத்திரை பற்றிக் கேட்க.