கோழிக்கு ஒரே காவல்: பிஎஃப்2 மரபணு

மண்டபம், தங்கச்சிமடம், கீழக்கரைப் பக்கம் கொல்லையில் நாட்டுக்கோழி வளர்ப்பவர்களுக்கு மாரெக்ஸ் என்ற வைரஸ் நோய் தெரியும். வளரும் பருவத்துக் குஞ்சு ஒரு காலை முன்னும் மற்றதைப் பின்னும் நீட்டிச் சாய்ந்துவிடும். அதே கொட்டிலில் அதே தீனி தின்ற இன்னொன்று முட்டைக்கு வந்துவிடும். இந்த வேறுபாட்டில் பெரும்பங்கு 16ஆம் குரோமோசோமில் உள்ள 'பி' பகுதிக்கு, அதாவது நோய் எதிர்ப்பு மரபணுத் தொகுதிக்கு உண்டு.

வைரஸ் புகுந்த செல்லில் அதன் புரதங்கள் சிறு துண்டுகளாக வெட்டப்படுகின்றன. 'டேப்' என்ற பம்பு அவற்றை உள்ளறைக்கு ஏற்றும். அங்கே, துண்டுகளைத் தாங்கிக் காட்டும் எம்.எச்.சி. என்ற புரதத்தின் பள்ளத்தில் பொருந்திய துண்டு மட்டும் செல்லின் மேற்பரப்புக்கு வரும். அதை அந்நியமென்று இனங்காணும் டி செல் என்ற வெள்ளணு, அந்தச் செல்லையே அழித்துவிடும்.

மனிதருக்கு இந்த வேலைக்கு ஏ, பி, சி என மூன்று மரபணுக்கள். கோழிக்கு பிஎஃப்1, பிஎஃப்2 என இரண்டு இருந்தாலும் பெரும்பாலும் உழைப்பது பிஎஃப்2தான். டேப் மரபணுக்கள் இவ்விரண்டுக்கும் நடுவே இருப்பதால், பம்பும் பள்ளமும் பிரியாமல் ஜோடியாகவே தலைமுறை இறங்குகின்றன. அந்த ஒரு பள்ளத்தில் வைரஸின் துண்டு எதுவும் பொருந்தாவிட்டால் ஈடுகட்ட வேறு ஆளில்லை. 'பி' பகுதி கோழிக்குக் கோழி பல வகைப்படும். அதில் பி21 வகையின் பள்ளம் பலவிதத் துண்டுகளை ஏற்கும், மாரெக்ஸைத் தாங்கும். பி19 தேர்ந்தெடுத்தே பிடிக்கும், எளிதில் வீழும். ஆனால் பி21 எல்லா நோய்க்கும் மருந்தல்ல. ஆகவே மந்தையில் பல வகைகள் கலந்திருப்பதே பலம்.

வகையை அறிய இறக்கை ரத்தக்குழாயிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் போதும், பறவைகளின் சிவப்பணுவிலும் டிஎன்ஏ உள்ள உட்கரு உண்டு. 'பி' பகுதியில் உள்ள எல்இஐ0258 என்ற குறியிடத்தைப் பிசிஆர் என்ற டிஎன்ஏ நகலெடுக்கும் முறையில் பெருக்கி, கிடைக்கும் துண்டின் நீளத்தைப் பார்ப்பார்கள். ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் கலந்த குழாயில் எடுத்தால் பிசிஆர் வினை தடைபடும். அதற்குப் பதில் இடிடிஏ என்ற உறைவுத் தடுப்பி உள்ள குழாயே சரி. குழாய்க்குப் பதில் ரத்தத்தை உறிஞ்சும் அட்டையில் சொட்டுவதானால் நன்றாகக் காயவைத்து, ஈரமுறிஞ்சிப் பொட்டலத்தோடு மூட வேண்டும். கடற்கரை ஈரக்காற்றில் அட்டை பூஞ்சை பிடித்தால் டிஎன்ஏ சிதைந்துவிடும்.

பரிசோதனை வசதி இல்லாதவர்கள் சேவலைக் கவனித்தாலே பாதி வேலை முடியும். சேவலைத் தன் மகள்களோடே இணையவிட்டால், நான்கில் ஒரு குஞ்சாவது தாய், தந்தை இரு பக்கமிருந்தும் ஒரே 'பி' வகையைப் பெற்றுப் பிறக்க வாய்ப்புண்டு. அதற்குப் பள்ளமும் ஒன்றே. எனவே மகள்கள் முட்டைக்கு வருமுன், ஐந்து மாதத்துக்குள், சேவலை மாற்றிவிடுங்கள். அடுத்த வீட்டுச் சேவல் பெரும்பாலும் இதன் சகோதரனாகவே இருக்கும், வேறு ஊரிலிருந்து வாங்குங்கள். வாங்கியதை மூன்று வாரம் தனியே அடைத்து, வெள்ளைக் கழிச்சல் தடுப்பூசி போட்டபின் மந்தையில் விடுங்கள். மாரெக்ஸ் தடுப்பூசியைக் குஞ்சு பொரித்த முதல் நாளே கழுத்துத் தோலடியில் போட வேண்டும். கரைத்த மருந்தைப் பனிக்கட்டி மேல் வைத்து ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். இந்த ஊசி மாரெக்ஸால் உண்டாகும் புற்றுக்கட்டி வராமல் தடுக்கும், ஆனால் வைரஸ் தொற்றையோ, இறகுத் தூசியில் அது பரவுவதையோ முழுதாக நிறுத்தாது. அதனால் பழைய கூட்டின் தூசியைக் கூட்டி எரித்த பிறகே புதுக்குஞ்சுகளை விட வேண்டும்.