'பாதுகாக்கப்பட்ட' மரபணு அன்று, நிலைபெற்ற மரபணு

மதுரைப் பக்கம் நுண்ணுயிரியல் பாடக்குறிப்புகளில் கன்சர்வ்டு ஜீன், அதாவது பல இனங்களிலும் பெரிதும் ஒரே வடிவில் தொடரும் மரபணு, என்பதற்குப் 'பாதுகாக்கப்பட்ட மரபணு' என்ற தொடர் வேரூன்றிவிட்டது. 'காசநோய்க் கிருமியில் இந்த நொதி பாதுகாக்கப்பட்டுள்ளது' என்று படிக்கும் மாணவர் என்ன நினைப்பார்? யாரோ வேலி போட்டிருக்கிறார்கள், மருந்து அதை அண்டாது என்றுதான். உண்மை நேர்மாறு. கிருமியால் எளிதில் மாற்றிக்கொள்ள முடியாத நொதி என்பதால்தான் மருந்து அதைக் குறிவைக்கிறது.

லத்தீனில் 'செர்வாரே' என்றால் காத்தல், வைத்திருத்தல். அகராதியின் முதல் பொருளை அப்படியே எடுத்து ஒட்டியதில் வந்த கோளாறு இது. பள்ளி இயற்பியலில் இதே சொல் 'ஆற்றல் மாறா விதி' என்று செம்மையாக வந்திருக்கிறது.

கீழக்குயில்குடி சமணர் மலை பாதுகாக்கப்பட்ட சின்னம்; அங்கே சட்டம் உண்டு, காப்பவர் உண்டு. மரபணுவுக்குக் காவல் கிடையாது. சடுதிமாற்றம், அதாவது மரபணுவில் தற்செயலாக வரும் மாற்றம், எங்கும் விழுகிறது. அது நொதி வேலை செய்யும் இடமான வினைமையத்தைக் கெடுத்தால் அந்தக் கிருமி பெருகாமல் போகிறது. கெடாதவற்றின் வழி நீள்கிறது. வெண்பாவைப் படியெடுக்கும்போது தளை தட்டும் பிழை கண்ணில் பட்டு விலக்கப்படும், ஓசை கெடாத பாடபேதம் தங்கிவிடும், அது போலத்தான். 1901-இல் தொடங்கிய மதுரைத் தமிழ்ச் சங்கம் ஏடுகளைத் திரட்டி வைத்தது பாதுகாப்பு. பாட்டு பல படிகளைக் கடந்தும் ஒரே வடிவில் நிற்பது நிலைபேறு.

'மாறா மரபணு' போதாதா என்பார்கள். போதாது. மரபணுவை ஆர்என்ஏவாகப் படியெடுக்கும் நொதியான ஆர்என்ஏ பாலிமரேஸின் பீட்டா துணையலகைத் தரும் ஆர்பிஓபி மரபணு பாக்டீரியாக்களில் நன்கு நிலைபெற்றது. காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் போய் ஒட்டுவது அந்தத் துணையலகில்தான். ஆனால் காசநோய்க் கிருமியில் அதன் 450-ஆம் இடத்து அமினோ அமிலமான செரீன் லியூசினாக மாறினால் மருந்து பிடிக்காது, நொதியோ வேலையைத் தொடரும். காசநோயைக் கண்டறியும் மரபணுச் சோதனையான சிபிநாட் சளியில் தேடுவது இந்த இடம் அடங்கிய 81 கார இணை (டிஎன்ஏ எழுத்து இணை) கொண்ட மரபணுத் துண்டின் மாற்றத்தை. 'மாறா' என்று பெயர் வைத்துவிட்டு மாற்றத்தைத் தேடச் சொல்வது எப்படி? நிலைபெற்றது அசையலாம், எளிதில் அசையாது. எவ்வளவு நிலைபெற்றது என்ற அளவும் சொல்லலாம்: பாக்டீரியாவை அடையாளம் காண உதவும் 16எஸ் ஆர்ஆர்என்ஏ மரபணுவின் ஏறத்தாழ 1500 காரங்களில், பெரிதும் நிலைபெற்ற பகுதியில் பிரைமர் (படியெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) ஒட்டுகிறது, இடையிடையே வரும் 9 மாறும் பகுதிகள் கிருமி எதுவென்று காட்டுகின்றன.

மொழிபெயர்ப்பாளர்களிடம் பெரிய குறை, எல்லாவற்றுக்கும் 'பாதுகாப்பு' என்ற ஒரே சொல்லை நீட்டுவது. ஒரே பக்கத்தில் 'தடுப்பூசி பாதுகாக்கிறது' என்றும் 'மரபணு பாதுகாக்கப்பட்டது' என்றும் வந்தால் நோயாளியைக் காப்பது எது, கிருமியைக் காப்பது எது? 'பாதுகாக்கப்பட்ட' என்றாலே காத்தவர் யார் என்ற கேள்வி கூடவே வரும். 'இந்த நொதி இனங்கள்தோறும் நிலைபெற்றுள்ளது' என்று எழுதினால் அந்தக் கேள்விக்கே இடமில்லை.