611 நாள் அணைக்காத சர்வர்

போன வருடம் ஒரு சிறிய நிறுவனத்தின் சர்வரைப் பார்த்துத் தரச் சொல்லிக் கூப்பிட்டிருந்தார்கள். லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் 11 ஓடியது. அதைக் கவனித்துக்கொள்ளும் தம்பி மிகப் பொறுப்பானவர். மாதத்தின் முதல் சனிக்கிழமை தவறாமல் டெபியனில் மென்பொருளை நிறுவிப் புதுப்பிக்கும் ஆப்ட் கருவியின் அப்டேட், அப்கிரேட் கட்டளைகள் இரண்டையும் ஓட்டிவிட்டு, ஒரு நோட்டில் தேதி போட்டுக் குறித்தும் வைத்திருந்தார். "611 நாளா ஒரு தடவைகூட ரீபூட் பண்ணலை சார்" என்று சந்தோஷமாகச் சொன்னார்.

காத்திருக்கும் அப்டேட் ஏதாவது உண்டா என்று பார்த்தேன். ஒன்றும் இல்லை, பட்டியல் காலி. அப்புறம் எல்எஸ்ஓஎஃப் கட்டளையை ஓட்டி, நீக்கப்பட்ட கோப்புகளை இன்னும் பிடித்துக்கொண்டிருப்பது யார் என்று தேடினேன். திரை நிறைந்து ஓடியது. வெப் சர்வரான என்ஜின்எக்ஸின் வரிகளில், இணைப்புகளை மறையாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல்லின் லைப்ரரிகளான லிப்எஸ்எஸ்எல், லிப்கிரிப்டோ இரண்டுக்கும் பக்கத்தில் 'டெல்', அதாவது நீக்கப்பட்டது என்ற குறி. டேட்டாபேஸ், மெயில் சர்வர், குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் எல்லாவற்றுக்கும் அதே குறி. இயங்குதளத்தின் மையமான கெர்னலும் 611 நாளுக்கு முன் பூட் ஆன அதே கெர்னல்தான்.

லினக்ஸில் ஒரு லைப்ரரியை (பல புரோகிராம்கள் பகிர்ந்துகொள்ளும் நிரல் கோப்பை)த் திறந்து வைத்திருக்கும் புரோகிராம், வட்டில் அந்தக் கோப்பு மாற்றப்பட்டாலும் பழைய பிரதியையே தன் நினைவகத்தில் வைத்துக்கொண்டு ஓடும். அதனால்தான் ஓடும் சர்வரிலேயே அப்டேட் போட முடிகிறது. அதே காரணத்தால், வட்டில் புது ஓப்பன்எஸ்எஸ்எல் உட்கார்ந்திருக்க, வெளியிலிருந்து வருகிற ஒவ்வொரு இணைப்புக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தது இருபது மாதத்துக்கு முந்தைய ஓப்பன்எஸ்எஸ்எல். தம்பி மாதாமாதம் போட்ட திருத்தங்கள் எல்லாம் வட்டோடு நின்றுவிட்டன.

"சான்றிதழ் புதுப்பிக்கும்போதெல்லாம் என்ஜின்எக்ஸ் ரீலோடு ஆகுதே சார்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. ரீலோடு செய்தால் வேலை செய்யும் கிளைப் புரோகிராம்கள் மட்டும்தான் புதிதாகப் பிறக்கும். அவற்றைப் பெற்றெடுக்கும் தலைமைப் புரோகிராம் பழையதேதான். பழைய லைப்ரரியும் அதன் வழியாகவே பிள்ளைகளுக்கு வந்துவிடும். முழுதாக நிறுத்தி மறுபடி தொடங்கினால்தான் புதியது ஏறும்.

இது ஏதோ ஓரிடத்தில் நடந்த கவனக்குறைவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 2014 ஏப்ரலில் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை இருப்பது வெளியானபோது டெபியன் உடனே திருத்திய ஓப்பன்எஸ்எஸ்எல்லை அனுப்பியது. அதற்கு அடுத்ததாக இன்னொரு பதிப்பும் அனுப்பினார்கள். ஓப்பன்எஸ்எஸ்எல்லைப் பயன்படுத்தும் சர்வீஸ்கள் எவை என்று பார்த்து, அவற்றை ரீஸ்டார்ட் செய்யலாமா என்று கேட்பதற்காகவே வந்த பதிப்பு அது. திருத்தம் வட்டில் இறங்கினால் போதாது, ஓடும் புரோகிராமுக்குள் போய்ச் சேர வேண்டும் என்று பேக்கேஜ் செய்கிறவர்களே அவ்வளவு கவலைப்பட்டார்கள். இன்று அந்த வேலைக்கு நீட்ரீஸ்டார்ட் என்ற பேக்கேஜ் இருக்கிறது. நிறுவிவிட்டால் ஒவ்வொரு அப்கிரேடு முடிந்ததும் எந்தெந்த சர்வீஸைத் திரும்பத் தொடங்க வேண்டும், கெர்னல் பழையதா என்று அதுவே சொல்லிவிடும். உங்கள் சர்வரில் அது இல்லையென்றால் இன்றைக்கே போடுங்கள்.

இனி டெபியன் தன் நிலையான வெளியீட்டுக்கு வைத்திருக்கும் 'ஸ்டேபிள்' என்ற பெயருக்கு வருகிறேன். ஆடாது, விழாது, அதனால் தொட வேண்டாம் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். டெபியன் அதைச் சொல்வது வேறு பொருளில். வெளியான நாளில் இருந்த பதிப்புகள் அந்த வெளியீட்டின் ஆயுள் முழுக்கப் பெரும்பாலும் அப்படியே இருக்கும், நடத்தை மாறாது என்பதுதான் வாக்குறுதி. மென்பொருளை எழுதியவர்கள் ஓட்டையைப் புதுப் பதிப்பில் அடைத்தால், டெபியன் பாதுகாப்புக் குழு அந்த அடைப்பை மட்டும் எடுத்துப் பழைய பதிப்பில் ஒட்டும். பிரவுசர் போன்ற சில பேக்கேஜ்கள்தான் விதிவிலக்கு. அப்டேட் சின்னதாக இருப்பதால் பயமில்லாமல் போடலாம். ஸ்டேபிளின் முழுப் பயனே அதுதான். அதை வைத்துக்கொண்டு அப்டேட் போடாமல் இருப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும்.

இந்த ஒட்டுப்போடும் முறை தெரியாததால் வரும் விபத்து ஒன்றைச் சொல்ல வேண்டும். 2024 ஜூலை 1 அன்று, தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையப் பயன்படும் ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சில் ரெக்ரெஷன் என்று பெயரிடப்பட்ட ஓட்டையைக் குவாலிஸ் நிறுவனம் வெளியிட்டது. ஓட்டைகளை அடையாளம் காட்டும் பொது எண்ணான சிவிஇ எண் 2024-6387. மென்பொருளை எழுதியவர்கள் அதை 9.8 பதிப்பில் சரிசெய்தார்கள். டெபியன் 12-இல் இருந்தது 9.2. அன்றே அதற்கும் திருத்தம் வந்துவிட்டது, ஆனால் பதிப்பு எண் 9.2 ஆகவே இருந்தது. வால்பகுதி மட்டும் 'டெப்12யு3' என்று மாறியது. டெபியன் 11-இல் இருந்த 8.4-க்கு இந்த ஓட்டையே கிடையாது.

நான் பார்த்த ஓர் அலுவலகத்தில், தணிக்கைக்கு வந்தவர்களின் ஸ்கேனர் வெளியிலிருந்து 9.2 என்ற எண்ணை மட்டும் பார்த்து 'அபாயம், 9.8-க்கு மாற்றவும்' என்று சிவப்பில் அறிக்கை கொடுத்திருந்தது. மேலதிகாரியின் நெருக்கடி. அட்மின் வேறு வழி தெரியாமல் ஆப்ட் எங்கிருந்து பேக்கேஜ் எடுக்க வேண்டும் என்று சொல்லும் சோர்ஸ் பட்டியலில், அடுத்த வெளியீட்டுக்காகத் தயாராகும் டெஸ்டிங் கிளையின் வரியைச் சேர்த்து, அங்கிருந்து எஸ்எஸ்ஹெச்சை இழுத்தார். அது தனக்கு வேண்டிய லிப்சி என்ற அடிப்படை லைப்ரரியையும், அதோடு இன்னும் பலவற்றையும் சேர்த்து இழுத்தது. நீக்கப்படவிருக்கும் பேக்கேஜ்கள் என்று ஆப்ட் ஒரு பட்டியல் காட்டியிருக்கிறது. அதைப் படிக்காமல் 'ஒய்' அழுத்திவிட்டார். மறுநாள் காலை கணக்கு மென்பொருள் எழவில்லை. இரண்டு கிளையும் கலந்த அந்தச் சர்வரைப் பின்னோக்கி இறக்க முயன்று கைவிட்டு, பேக்கப்பிலிருந்து மறுபடி நிறுவ இரண்டு நாள் ஆயிற்று. அவர் செய்ய வேண்டியிருந்தது ஐந்து நிமிட வேலை. ஆப்ட் பாலிசி கட்டளையில் முழுப் பதிப்பு எண்ணைப் பார்த்து, டெபியனின் செக்யூரிட்டி டிராக்கர் பக்கத்தில் சிவிஇ எண்ணைத் தேடி, எந்தப் பதிப்பில் சரிசெய்யப்பட்டது என்று ஒப்பிட்டு, இரண்டையும் தணிக்கையாளருக்கு அனுப்பியிருந்தால் போதும். என் அனுபவத்தில் தணிக்கையாளர்கள் இதை ஏற்றுக்கொள்கிறார்கள்.

புதியது எப்போதும் பத்திரம் என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் தொகுப்பில் யாரோ திட்டமிட்டு வைத்த பின்கதவை அம்பலப்படுத்தினார். எஸ்எஸ்ஹெச் லாகின் வழக்கத்தைவிட அரை நொடி தாமதமானதைத் துருவிப் பார்த்துப் பிடித்தார். பின்கதவு இருந்தது 5.6.0, 5.6.1 பதிப்புகளில். டெபியனின் டெஸ்டிங், அன்ஸ்டேபிள் கிளைகளுக்கு அது வந்துவிட்டது. ஸ்டேபிளில் இருந்தது 5.4.1, அதைப் பின்கதவு தொடவில்லை.

சரி, ஸ்டேபிளுக்கு வரும் அப்டேட் தவறவே தவறாதா? தவறியிருக்கிறது. 2023 டிசம்பரில் டெபியன் 12.3 வெளியாகும் நேரத்தில், அதனோடு வந்த 6.1.64 கெர்னலில் ஈஎக்ஸ்டி4 கோப்புமுறையில் தரவைச் சிதைக்கக்கூடிய பிழை இருப்பது தெரிந்தது. 12.3-ஐ நிறுத்திவைத்து, சரிசெய்த கெர்னலுடன் டிசம்பர் 10 அன்று 12.4-ஐ வெளியிட்டார்கள். இடைப்பட்ட நேரத்தில் தானாகவே அப்டேட் போட்டு ரீபூட் ஆன மெஷின்களின் சொந்தக்காரர்களுக்கு அது நல்ல வார இறுதியாக இருந்திருக்காது.

அதற்கு அப்புறம் என் வழக்கத்தை மாற்றிக்கொண்டேன். அப்டேட்களைத் தானாகப் போடும் அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ் பேக்கேஜின் அமைப்புக் கோப்பைத் திறந்தால், எங்கிருந்து வருவதைத் தானாகப் போடலாம் என்று சில வரிகள் இருக்கும். டெபியனில் பொதுவான களஞ்சியத்துக்கான வரியும் பாதுகாப்புக் களஞ்சியத்துக்கான வரியும் இரண்டுமே திறந்துதான் வரும். முக்கியமான சர்வர்களில் முதலாவதை மூடிவிடுகிறேன். பாதுகாப்பு அப்டேட் தினமும் தானாகப் போகட்டும். சுமார் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வரும் பாயிண்ட் ரிலீஸை (12.3, 12.4 போன்றவற்றை) முதலில் ஒரு சோதனை மெஷினில் போட்டு, மூன்று நாள் பார்த்துவிட்டு, மற்றவற்றுக்குக் கையால் போடுகிறேன். இதைவிடக் கூடுதலாகக் காத்திருப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. பார்த்துச் செய்யலாம் என்று தள்ளியவை பெரும்பாலும் செய்யப்படுவதே இல்லை.

கையால் போடும்போது அமைப்புக் கோப்பைப் பற்றிய கேள்வி ஒன்று குறுக்கிடும். நீங்கள் திருத்திய கோப்புக்குப் பேக்கேஜ் புதுப் பிரதி கொண்டு வந்திருக்கிறது, எதை வைக்கட்டும் என்று கேட்கும். எந்த எழுத்தையும் யோசிக்காமல் அழுத்தாதீர்கள். 'டி' அழுத்தினால் வித்தியாசத்தைக் காட்டும், படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஏற்கெனவே 'ஒய்' அழுத்தி உங்கள் அமைப்பு போய்விட்டது என்றால் பதற வேண்டாம், பழைய கோப்பு 'டிபிகேஜி-ஓல்டு' என்ற வாலுடன் பக்கத்திலேயே இருக்கும்.

சோர்ஸ் பட்டியலில் 'ஸ்டேபிள்' என்று பொதுவாக எழுதாமல் புக்வார்ம் (டெபியன் 12), டிரிக்ஸி (டெபியன் 13) என்று வெளியீட்டின் பெயரை எழுதுங்கள். 2025 ஆகஸ்ட் 9 அன்று டிரிக்ஸி வெளியானதும் 'ஸ்டேபிள்' என்ற பெயர் அதற்குப் போய்விட்டது. பெயர் மாறியிருக்கிறது, ஏற்றுக்கொள்ளவா என்று ஆப்ட் எச்சரித்துக் கேட்கும். பழக்கத்தில் ஆம் என்று சொல்லிவிட்டால் மாதாந்திர அப்டேட் அப்படியே 12-லிருந்து 13-க்குத் தாவும் வேலையாக மாறிவிடும். அந்தத் தாவல் தேவையானதுதான், ஆனால் பேக்கப் எடுத்து, வெளியீட்டுக் குறிப்பைப் படித்து, நாள் குறித்துச் செய்ய வேண்டியது. பூட் பார்ட்டிஷனைத் தனியாகச் சின்னதாக வைத்திருப்பவர்கள், அது நிறைந்துவிடாமல் இருக்க, பழைய கெர்னல்களை ஆட்டோரிமூவ் போட்டு அவ்வப்போது கழியுங்கள்.

அந்த 611 நாள் சர்வரை அன்று இரவு ஒன்பது மணிக்கு ரீபூட் செய்தோம். முன்னதாக முழு பேக்கப் எடுத்தோம், எந்தெந்த சர்வீஸ் ஓடுகிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டோம். நல்லவேளை எழுதினோம். திரும்பி வந்தபோது ஒரு சர்வீஸ் எழவில்லை. யாரோ எப்போதோ கையால் தொடங்கிவிட்டு, பூட் ஆகும்போது தானாகத் தொடங்கும்படி இயக்கி வைக்க மறந்திருந்தார்கள். நடுராத்திரி மின்சாரம் போய் வந்திருந்தால் அது காலையில்தான் தெரிந்திருக்கும். தம்பி அதை இயக்கி வைத்தார், இன்னொரு முறை ரீபூட் செய்து பார்த்தார், எல்லாம் எழுந்தது. மறுபடி எல்எஸ்ஓஎஃப் ஓட்டினோம், 'டெல்' குறி ஒன்றுகூட இல்லை. நோட்டை எடுத்து, அப்டேட் தேதிக்குப் பக்கத்தில் கோடு கிழித்து 'ரீபூட் தேதி' என்று புதிதாக ஒரு பத்தியைச் சேர்த்துக்கொண்டார்.