பிரே காரே: தமிழில் என்ன சொல்வது?

ஆப்பிரிக்காவைப் பற்றிய பிரெஞ்சுக் கட்டுரைகளில் அடிக்கடி தென்படும் சொல் ‘பிரே காரே’. ‘பிரே’ என்றால் புல்வெளி, ‘காரே’ என்றால் சதுரம். ஆப்பிரிக்காவில் தனக்கே உரியவை என்று பிரான்ஸ் கருதிய நாடுகளை அது குறிக்கிறது. இதைத் தமிழில் ‘செல்வாக்கு மண்டலம்’ என்று எழுதிவிட்டுப் போவது எளிது. ஆனால், அந்தப் புல்வெளியைச் சுற்றியிருக்கும் வேலி அதில் மறைந்துவிடுகிறது. வேலிதான் இந்தச் சொல்லின் உயிர்.

பிறப்பில் இதற்கும் ஆப்பிரிக்காவுக்கும் தொடர்பில்லை. 1673இல், பதினான்காம் லூயி மன்னரின் கோட்டைப் பொறியாளர் வோபான், போர் அமைச்சர் லூவ்வாவுக்கு எழுதிய கடிதத்தில் இதைக் கையாண்டார். வட எல்லையில் பிரான்சின் கோட்டைகளும் பகைவர் கோட்டைகளும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடந்தன. அந்தக் கோணல் எல்லையை நேராக்கி, மன்னர் தம் நிலத்தை ஒரே கட்டாக்கிக்கொள்ள வேண்டும் என்பது அவர் சொன்ன யோசனை. காலப்போக்கில், ‘பிறர் கால்வைக்கக் கூடாத என் இடம்’ என்ற பொருள் அதில் ஏறியது.

1960இல் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த 14 ஆப்பிரிக்க நாடுகள் விடுதலை பெற்றன. கொடி மாறியது. பெரும்பாலானவற்றில் பிரான்ஸ் ஏற்படுத்திய சி.எஃப்.ஏ. பிராங்க் நாணயம் மாறவில்லை. பல நாடுகளில் பிரெஞ்சுப் படைத்தளங்களும் எண்ணெய், கனிம ஒப்பந்தங்களும் தொடர்ந்தன. ‘பிரே காரே’ இந்த நாடுகளுக்குப் பெயரானது இதற்குப் பிறகுதான். யாரைத் தடுக்க இந்த வேலி? சோவியத் ஒன்றியத்தை மட்டும் என்று எண்ணினால் தவறு. பிரான்ஸ் தன் நட்பு நாடான அமெரிக்காவையும் சந்தேகத்தோடுதான் பார்த்தது.

கபோனைப் பாருங்கள். 1964 பிப்ரவரியில் படையினர் சிலர் அதிபர் லியோன் ம்பாவைக் கவிழ்த்து, அவருடைய அரசியல் எதிராளி ழான் இலேர் ஒபாமை முன்னிறுத்தினார்கள். ஓரிரு நாட்களுக்குள் பிரெஞ்சுப் படை வந்திறங்கி ம்பாவை மீண்டும் அமர்த்தியது. பின்னணியில் அமெரிக்கர்கள் இருக்கிறார்கள் என்ற பேச்சு அங்கிருந்த பிரெஞ்சுக்காரர்களிடையே பரவியது. மார்ச் மாதம் தலைநகர் லிப்ரவில்லில் இருந்த அமெரிக்கத் தூதரகமே தாக்கப்பட்டது. நேட்டோவில் தோளோடு தோள் நின்றவர்கள், அந்தச் சிறிய நாட்டில் ஒருவரையொருவர் வேவு பார்க்காத குறையாக நின்றார்கள்.

பனிப்போர் முடிந்த பிறகும் இது ஓயவில்லை. 1993இல் காங்கோ-பிரசாவில் நாட்டின் அதிபர் பாஸ்கல் லிசூபா தேர்தலுக்கு முன் பணமில்லாமல் தவித்தார். பிரான்சின் எல்ஃப் எண்ணெய் நிறுவனம் கைவிரித்தது. அவர் அமெரிக்காவின் ஆக்ஸிடென்டல் நிறுவனத்திடம் எண்ணெயில் அரசின் எதிர்காலப் பங்கை ஈடுவைத்து 15 கோடி டாலர் பெற்றார். வேலி பிளந்ததை பிரான்ஸ் பொறுத்துக்கொள்ளவில்லை. அந்த ஒப்பந்தம் நிலைக்கவும் இல்லை. 1996 அக்டோபரில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் வாரன் கிறிஸ்டோபர் ஆப்பிரிக்கப் பயணத்தின்போது, நாடுகளின் கூட்டத்தையே தம் சொந்த உடைமையாக வெளி வல்லரசுகள் கருதும் காலம் போய்விட்டது என்று பேசினார். பெயர் சொல்லவில்லை. பாரிசுக்குச் சுட்டது.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘பிரெஞ்சு ஆப்பிரிக்கா’ என்றால் பழைய குடியேற்றப் பகுதிகளைக் குறிக்கும். ‘நவகாலனியம்’ முழு முறைமைக்கான பெயர், ஓர் இடத்தின் பெயர் அன்று. ‘கொல்லைப்புறம்’ நெருங்கி வருகிறது, ஆனால் அது வீட்டை ஒட்டியிருக்க வேண்டும். லிப்ரவில் பாரிசின் கொல்லையில் இல்லை.

நான் முன்வைப்பது ‘காணியாட்சி’. சோழர் கல்வெட்டுகளில் ‘காணி’ என்பது நிலத்தின் மீதான பரம்பரை உரிமையையும் குறிக்கும். உழுபவர் ஒருவராகவும் காணியுடையவர் இன்னொருவராகவும் இருக்கலாம். பிரே காரேவில் நடந்ததும் அதுதான். பிரான்சும் அமெரிக்காவும் உரிமைக்கு மல்லுக்கு நின்றபோது, அந்த மண்ணின் மக்கள் பேச்சிலேயே வரவில்லை. இடத்தை மட்டும் சுட்ட வேண்டிய வரியில் ‘வேலிக்காணி’ என்று எழுதலாம்.

2023 டிசம்பரில் நைஜரிலிருந்து பிரெஞ்சுப் படை வெளியேறியது. 2024இல் அமெரிக்கப் படையும் வெளியேறியது. ‘நைஜரில் பிரான்சின் காணியாட்சி முடிந்தது’ என்று எழுதிப் பாருங்கள், செய்தி தெளிவாக நிற்கும். அங்கே புதிதாக வந்திருக்கும் ரஷ்யர்களுக்கு இந்தச் சொல்லை இப்போதே கொடுக்க மாட்டேன். வந்து இறங்கியிருப்பவர்களுக்குப் பரம்பரை உரிமை ஏது?