கடைந்த கிண்ணம் ஏன் வெடிக்கிறது?

மாரி மழைக்குள் கடைந்து மெழுகு பூசி வைத்த மாமரக் கிண்ணத்தில் அப்போது ஒரு கீறல்கூட இருக்காது. வைகாசி பிறந்து கச்சான் காற்று எழும்பியதும் ஒருநாள் அலுமாரிக்குள் ‘டக்’ என்று சத்தம் கேட்கும். எடுத்துப் பார்த்தால் விளிம்பிலிருந்து அடிவரை பிளவு. இலங்கையின் வன்னியில், மரத்தை மெசினில் சுழற்றி உளியால் வடிவாக்குகிற கடைச்சல் வேலை பழகுகிற எவரும் இதில் தப்பியிருக்கமாட்டார். மரம் கூடாது என்பார்கள், உளி பிடித்த விதம் பிழை என்பார்கள், கண்ணூறு என்றும் சொல்வார்கள். பெரும்பாலான வெடிப்புகளுக்கு இவை எதுவும் காரணமில்லை. மரக்குற்றி பச்சையாகக் கிடந்தபோதே அந்த வெடிப்புக்கான கணக்கு அதற்குள் இருந்தது.

பச்சை மரத்தில் தண்ணீர் இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, கலங்களின் உட்குழியில் சும்மா நிற்கிற நீர். மற்றது, கலச்சுவருக்குள்ளேயே செலுலோசோடு ஐதரசன் பிணைப்பால் ஒட்டியிருக்கிற நீர். மரத்தின் ஈரத்தை, முற்றாகக் காய்ந்த மரத்தின் நிறையோடு ஒப்பிட்டுத்தான் சொல்வார்கள். அதனால் பச்சைக் குற்றியில் ஈரம் 100 வீதத்தைத் தாண்டுவதும் உண்டு. மரத்தைவிட அதிலுள்ள தண்ணீரின் நிறை கூட என்று அர்த்தம். முதலில் போவது குழிநீர். அது போகும்வரை குற்றி பாரம் குறையும், பருமன் குறையாது. ஈரம் ஏறத்தாழ 30 வீதத்துக்கு இறங்கிய பிறகுதான் சுவர்நீர் கிளம்பத் தொடங்கும். அப்போது செலுலோசு இழைகள் ஒன்றையொன்று நெருங்கும், மரம் சுருங்கும். வெட்டி இரண்டு கிழமையாகியும் ஒன்றும் ஆகவில்லையே என்று நிம்மதிப்படுகிறவர்கள் ஏமாறுவது இதனால்தான். அதுவரை சுருக்கம் பெரிதாகத் தொடங்கியே இருக்காது.

எல்லாப் பக்கமும் ஒரே அளவாகச் சுருங்கினால் கிண்ணம் கொஞ்சம் சின்னக் கிண்ணமாகிவிடும், அவ்வளவுதான். மரம் அப்படிச் சுருங்குவதில்லை. நார் ஓடுகிற நீளவாக்கில் சுருக்கம் 0.1 முதல் 0.2 வீதம், இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். நடுமையத்திலிருந்து பட்டையை நோக்கிய ஆரைத் திசையில் அது பல மடங்கு கூடும். வளையங்களின் வழியே, பரிதித் திசையில், ஆரைத் திசையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. நடுவிலிருந்து பட்டைப் பக்கம் ஓடுகிற கதிர்க் கலங்கள் ஆரைத் திசையில் இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பது இதற்கு ஒரு காரணம். மரத்துக்கு மரம் அளவு வேறுபடும். நல்ல பிள்ளை என்று பெயரெடுத்த தேக்கில்கூட, பச்சையிலிருந்து முற்றாகக் காயும்போது ஆரைத் திசையில் 2.5 வீதமும் பரிதித் திசையில் 5.8 வீதமும் சுருங்கும்.

இந்த வித்தியாசம் என்ன செய்யும் என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20 சென்ரிமீற்றர் விட்டமுள்ள, நடுமையத்தோடு அறுத்த தேக்கு வட்டு ஒன்று. பரிதி 62.8 சென்ரிமீற்றர். ஆரை 2.5 வீதம் குறைந்தால், வட்டம் வட்டமாகவே இருக்கப் பரிதி 61.2 சென்ரிமீற்றர் இருக்கவேண்டும். மரமோ பரிதித் திசையில் 5.8 வீதம் சுருங்கி 59.2 சென்ரிமீற்றரில் வந்து நிற்கப்பார்க்கிறது. சுற்றிவரக் கட்ட 2 சென்ரிமீற்றர் மரம் போதாமல் போகிறது. போதாத இடம்தான் பிளவு. சில வேளை ஒரே பெரிய வெடிப்பாக, சில வேளை பல சின்னக் கீறல்களாக வரும். கொஞ்சத்தை மரம் தன் நெகிழ்வால் தாங்கிக்கொள்ளும். ஆனால் நடுமையம் உள்ளே இருக்கும்வரை இந்தக் கணக்கிலிருந்து மரத்தால் முழுதாகத் தப்பமுடியாது. ஓடாவிமார் குற்றியை நெடுக்காகப் பிளந்து நடுமையத்தைக் கழித்துவிட்டுப் பாதியிலிருந்து கிண்ணம் கடைவது இதற்காகவே. பாதிக் குற்றிக் கிண்ணமும் சுருங்கும். ஆனால் வட்டம் முட்டை வடிவாகக் கோணி இழுவிசை தீர்ந்துவிடும், வெடிக்கத் தேவையிராது.

அப்படியிருந்தும் வெடிக்கிறதே? அங்கே வேகம் வருகிறது. வற்றுகிற குளத்தின் சேறு மேலே காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கும்போது பாளம் பாளமாக வெடிக்கும் அல்லவா, மரத்திலும் அதே கதைதான். வெளித்தோல் சுருங்கப்பார்க்கும், ஈரமான உட்பகுதி விடாது, தோல் கிழியும். அதோடு, நார் வெட்டுப்பட்ட முனையால் தண்ணீர் பக்கவாட்டைவிட 10 முதல் 15 மடங்கு வேகமாக வெளியேறும். ஒரு கிண்ணத்தைக் கையில் எடுத்து விளிம்பைச் சுற்றிப் பாருங்கள்: எதிரெதிரான இரண்டு பக்கங்களில் நார் நீளமாக ஓடும், மற்ற இரண்டு பக்கங்களில் நார்முனைகள் புள்ளி புள்ளியாகத் தெரியும். முதல் கீறல் அநேகமாக அந்தப் புள்ளிப் பக்கத்தில்தான் மயிரிழையாகத் தொடங்கும். அடி தடிப்பாக விடப்பட்ட கிண்ணத்தில் இன்னொரு வம்பு: மெல்லிய சுவர் காய்ந்து முடிந்தாலும் அடி ஈரமாகவே கிடக்கும். காய எடுக்கிற காலம் தடிப்பின் வர்க்கத்தோடு கூடுகிறது. 1 சென்ரிமீற்றர்ச் சுவரும் 3 சென்ரிமீற்றர் அடியும் என்றால் அடிக்கு ஏறத்தாழ 9 மடங்கு காலம் வேண்டும்.

வன்னியின் பருவம் இதற்கு நல்ல பரீட்சை. மரம் சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதனோடு எப்போதும் ஒத்துப்போகப் பார்க்கும். காற்றின் ஈரப்பதன் 80 வீதமாக நீடித்தால் மரம் 15 வீத ஈரத்தை அண்டி நிற்கும். 50 வீதமானால் 9 வீதத்துக்கு இறங்கும். காலபோக மழைக்குள் “காய்ந்துவிட்டது” என்று நம்பிய கிண்ணத்துக்கு ஆனி, ஆடி வெக்கையில் இன்னும் சுருங்க இடமிருக்கிறது. கனடாவிலுள்ள மச்சாளுக்கு அனுப்பிய கிண்ணத்தின் கதை இன்னும் மோசம். பனிக்காலத்தில் சூடாக்கிய வீட்டுக்குள் ஈரப்பதன் 25 வீதம்வரை விழும், மரம் 5 வீதத்துக்கு வற்றிவிடும். அங்கே போய் வெடித்தால் கடைந்தவரைக் குறைசொல்ல முடியாது.

சரி, வெடித்துவிட்டது. இப்போது என்ன செய்வது?

மெசினில் இருக்கும்போதே கீறலைக் கண்டால் உடனே நிறுத்துங்கள். 25 சென்ரிமீற்றர்க் கிண்ணம் நிமிடத்துக்கு 1000 சுற்றில் சுழன்றால் விளிம்பின் வேகம் மணிக்கு 47 கிலோமீற்றர். சுற்று இரட்டித்தால், துண்டை வெளியே பிய்க்கிற விசை நான்கு மடங்காகும். நகம் இறங்குகிற அளவு பிளவு என்றால் அதை மறுபடி சுழற்றுவதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். முகமறைப்பு போட்டிருந்தாலும் வேண்டாம்.

அடுத்து வருகிற ஆசை, அந்த நிமிடமே சுப்பர் குளூ ஊற்றுவது. பெரும்பாலான கிண்ணங்கள் இரண்டாம் முறை வெடிப்பது இதனால்தான். அந்தப் பசையின் பொருளான சயனோஅக்ரிலேற்றை 1942இல் ஹரி கூவர் என்ற அமெரிக்க வேதியியலாளர் கண்டார். மேற்பரப்பிலுள்ள சொற்ப ஈரமே அதை இறுகவைக்கும். இறுகியபின் அது இழுபடாது, முறியும். மரம் இன்னும் சுருங்கிக்கொண்டிருந்தால் பசை பிடித்த இடத்துக்குப் பக்கத்தில் புதுப் பிளவு வரும். ஆகவே முதல் கேள்வி, மரம் அசைந்து முடிந்ததா என்பது. இதற்குச் சமையலறைத் தராசு போதும். கிண்ணத்தை நிறுத்து, நிறையையும் திகதியையும் பென்சிலால் அடியில் எழுதிவிடுங்கள். கிழமைக்கு ஒருமுறை நிறுத்து, நிறை இறங்குவது நின்று ஒரு மாதமாவது அப்படியே இருந்தால் ஒட்டலாம். கோடையில் நிறுப்பது நல்லது. மாரியில் நிறை நின்றது போலத் தெரிவது பொய். தண்ணீரில் போட்டால் பிளவு மூடிக்கொள்கிறதே என்று சிலர் மகிழ்வார்கள். சுவர் திரும்ப வீங்கி மூடுகிறது, அறுந்த நார் பொருந்துவதில்லை. காய்ந்ததும் அதே இடத்தில் திறக்கும்.

அசைவு நின்ற பிளவை ஒளிக்கத் தேவையில்லை என்பது என் எண்ணம். அதே மரத்தூளும் பசையும் போட்டு நிரப்பினால் கிட்ட நின்று பார்க்கிறவருக்கு எப்படியும் தெரியும். கருங்காலிச் சிராம்பு ஒன்றை ஆப்பாக இறக்கினாலோ, இரு பக்கமும் துளையிட்டுச் செப்புக்கம்பியால் தைத்தாலோ பார்க்கவும் நன்றாயிருக்கும், பிடிப்பும் கிடைக்கும்.

வராமல் தடுக்கும் வழி, இரண்டு தரம் கடைவது. முதலில் சுவரின் தடிப்பை விட்டத்தின் பத்தில் ஒன்றாக விட்டு, அடியும் சுவரும் ஒரே தடிப்பாக வரும்படி கரடுமுரடாகக் கடைந்து, நார்முனைகளில் மெழுகு பூசி, கடதாசிப் பைக்குள் காற்றுப்படாத மூலையில் வைப்பது. மாதக்கணக்கில் அது முட்டை வடிவாகக் கோணட்டும். பிறகு அந்தத் தடிப்புக்குள்ளிருந்து உண்மையான வட்டத்தைக் கடைந்தெடுக்கலாம். குளத்தில் மரத்தைத் தாழ்த்துவதை நம் ஊரில் பெரிதாகச் சொல்வார்கள். அதனால் மாப்பொருளும் சீனியும் கரைந்து பூச்சி குறையும், ஆனால் சுருக்கம் போகாது. சுருக்கத்தையே நிறுத்தவேண்டுமானால் போகிற தண்ணீரின் இடத்தில் ஆவியாகாத வேறொன்று உட்காரவேண்டும். 1628இல் மூழ்கி 1961இல் தூக்கப்பட்ட சுவீடனின் வாசா கப்பலுக்கு அதைத்தான் செய்தார்கள்: பொலிஎதிலீன் கிளைக்கோலை 17 வருடங்கள் தெளித்தார்கள். ஒரு கிண்ணத்துக்கு அவ்வளவு பாடு வேண்டியதில்லை.

பழைய வீட்டுக் கூரையைத் தாங்கிய தீராந்தி கிடைத்தால் விடாதீர்கள். முதிரையும் பாலையும் அனுமதியில்லாமல் வெட்டமுடியாத மரங்கள். தீராந்தியிலோ அவை பல வருடக் கச்சானைக் கண்டு அசைந்து முடிந்த மரமாகவே கிடைக்கும். வன்னிப் பகுதி மரங்களில் வேறொரு ஆபத்து உண்டு. 2009வரை நடந்த போரின் செல்துண்டுகள் இன்னும் பல மரங்களின் வைரத்துக்குள் இருக்கின்றன. மரக்காலை வாள்கள் பல் இழப்பது போல உளியும் இழக்கும். குற்றியின் வெட்டுமுகத்தில் கருநீலக் கறை நார்வழியே நீண்டிருந்தால் உள்ளே இரும்பு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். மரத்திலுள்ள துவர்ப்புப் பொருளான தனின் இரும்போடு சேர்ந்தால் அந்த நிறம் வரும். கடுக்காயில் மை காய்ச்சிய அதே இரசாயனம். கடுக்காயின் இனமான குளக்கட்டு மருதிலும் தனின் நிறைய உண்டு. உலோகத்தை எடுத்தபின் மிஞ்சும் கறையை ஒட்சாலிக் அமிலக் கரைசல் வெளுக்கும். அது நஞ்சு, கையுறை வேண்டும், சாப்பாட்டுக் கிண்ணமென்றால் நன்றாகக் கழுவவேண்டும்.

பனங்குற்றியில் கடைகிறவர்களுக்கு மேலே சொன்ன ஆரை–பரிதிக் கணக்கு உதவாது. பனையில் வளையமும் இல்லை, கதிர்க் கலங்களும் இல்லை. மென்மையான சோற்றுக்குள் கறுப்பு நார்க்கட்டுகள், வெளிப்பக்கம் நெருக்கமாக, உள்ளே ஐதாக. அங்கே வேலை கெடுவது நார் பிடுங்குப்பட்டுத்தான். உளியை ஒவ்வொரு தடவையும் தீட்டி, மெல்லிய பசையைச் சோற்றுக்குள் ஊறவிட்டு, வெளிவைரத்தில் மட்டும் கடைந்தால் ஓரளவு தப்பலாம்.